சொன்னபடி கேட்கும் காற்று

(குரும்பகரத்தில் ஆடி மாதத்து மாலையொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

நான் பேச எழுந்த சமயத்தில் அந்த மேற்கு ஜன்னலின் கதவு படாரென்று அடித்துக்கொண்டதையும், ஓர் அன்பர் ஓடிப்போய் அதற்குக் கொக்கி மாட்டியதையும் நீங்கள் பார்த்தீர்கள். அதை நான் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால், இன்றைக்கு நான் பேச வந்த விஷயம் காற்று. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அது தன் பேச்சைத் தொடங்கிவிட்டது.

ஆனால் நான் பேசப்போவது ஜன்னலை அடிக்கும் இந்த ஆடிக் காற்றைப் பற்றியன்று. நாம் வா என்றால் வந்து, நில் என்றால் நின்று, இவ்வளவு வேகம் போதும் என்றால் அவ்வளவோடு அடங்கி நிற்கும் காற்றைப் பற்றி. அப்படிச் சொன்னபடி கேட்கும் காற்றை உண்டாக்கித் தரும் பெட்டிக்குக் காற்றுச் சுரங்கம் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே, கொஞ்சச் செலவில், அப்படி ஒன்றைச் செய்துகொள்ள முடியுமா? முடியுமானால் எப்படிச் செய்வது? செய்துதான் என்ன பயன்? இந்த மூன்று கேள்விகளும்தான் இன்றைய என் பொருள்.

காற்றைப் பற்றிப் பேச நான் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ முதலில் போக வேண்டியதில்லை. இந்த ஊரின் நெற்களத்துக்குப் போனால் போதும். அடித்த நெல்லை முறத்தில் அள்ளித் தலைக்கு மேலே உயர்த்தி, முறத்தை மெல்லச் சாய்த்து ஒழுகவிடுகிறாளே ஒரு தாய், அவள் என்ன செய்கிறாள்? முற்றிய மணி காலடியில் விழுகிறது. பாதி பால் பிடித்த கருக்காய் சற்றுத் தள்ளி விழுகிறது. பதர் களத்தின் ஓரத்துக்கே பறந்து போகிறது. ஒரே உருவம், ஒரே அளவு, ஒரே உயரம். எடை ஒன்றுதான் வேறு. காற்றின் இழுவைக்கும் பொருளின் எடைக்கும் உள்ள விகிதத்தைத் தராசும் காகிதமும் இல்லாமல் மூன்று குவியலாகப் பிரித்துக் காட்டிவிடுகிறாள் அவள். காற்றியக்கவியல் என்று இன்று பெரிய பெயரால் வழங்கும் சாஸ்திரத்தின் முதல் பாடம் இதுதான்.

ஆனால் அந்தத் தாய்க்கு ஒரு சங்கடம் உண்டு. காற்றுள்ள போதே அவள் தூற்றிக்கொள்ள வேண்டும். காற்று நின்றுவிட்டால் முறத்தை வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். பின்னாளில் களத்துக்கு மின்சார விசிறி வந்தது. அந்தச் சங்கடம் தீர்ந்தது. காத்திருந்த மனிதன் காற்றைத் தன் சௌகரியத்துக்கு வரவழைத்தான். களத்து விசிறியைச் சுற்றி நான்கு பலகைகளை அடித்து, அதன் காற்றை ஒழுங்குபடுத்தி, அளந்து பார்த்தால், அது காற்றுச் சுரங்கம். அவ்வளவுதான் ரகசியம்!

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஆகாய விமானம் பறக்கிறது, காற்று நிற்கிறது. சுரங்கத்திலோ விமானத்தின் மாதிரி நிற்கிறது, காற்று ஓடுகிறது. இரண்டும் ஒன்றாகுமா? இதற்கு விடை நீங்கள் ஒவ்வொருவரும் அநுபவித்ததுதான். இலை அசையாத உச்சிவேளையில் குரும்பகரத்திலிருந்து நெடுங்காட்டுக்கு மிதிவண்டியை வேகமாக மிதித்துப் போகிறீர்கள். முகத்தில் காற்று அடிக்கிறதா இல்லையா? அடிக்கிறது. அந்தக் காற்று உங்களை நோக்கி வந்ததா, நீங்கள் அதை நோக்கிப் போனீர்களா என்று உங்கள் முகத்துக்குத் தெரியுமா? தெரியாது. சிறகுக்கும் தெரியாது. அந்த அறியாமைதான் காற்றுச் சுரங்கத்தின் அஸ்திவாரம்.

இனி, இது பள்ளிக்கூடத்துக்கு எதற்கு என்று பார்ப்போம். இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு சிறுவனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பறவையின் படத்தை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். விளங்கிற்றா என்று கேட்டபோது, விளங்கவில்லை என்று அந்தச் சிறுவன் சொன்னான். மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று மாலையே பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், பறவைகள் சிறகடிப்பதையும் வால் திருப்புவதையும் பிரத்தியட்சமாகக் காட்டினார். அந்தச் சிறுவன் பின்னர்க் குரோம்பேட்டையில் விமானப் பொறியியல் பயின்றதையும், அப்துல் கலாம் என்ற பெயர் நாடெங்கும் ஒலித்ததையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆசிரியர் செய்ததில் நாம் கவனிக்க வேண்டியது, கரும்பலகை போதாது என்று தெரிந்த கணத்தில் அவர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார் என்பதே. அவருக்குக் கடற்கரை கிடைத்தது. ஆனால் கடற்கரையில் காண முடியும், அளக்க முடியாது. காண்பதிலிருந்து அளப்பதற்குப் போகும் அடுத்த படிதான் நம் பெட்டி.

அளப்பதால் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? சொல்கிறேன். அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், 1901-ஆம் ஆண்டுக் கோடையில், முன்னோர் அச்சிட்டு வைத்திருந்த அட்டவணைகளையும் எண்களையும் நம்பி ஒரு கிளைடர் கட்டினார்கள். கட்டி, கிட்டி ஹாக்கை அடுத்த மணல்மேட்டில் பறக்கவிட்டபோது, கணக்குப்படி வரவேண்டிய தூக்கு விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்கள். தவறு எங்கே? நம் கைவேலையிலா, அச்சிட்ட எண்ணிலா?

அதைக் கண்டுபிடிக்க அவர்கள் எந்தச் சர்வகலாசாலையின் கதவையும் தட்டவில்லை. சலவைக்குப் போடும் கஞ்சிமாவு வந்த ஒரு பழைய பெட்டியை எடுத்து, அதில் ஒருநாள் முயன்று பார்த்தார்கள். பின்பு ஆறடி நீளமும் பதினாறு அங்குலச் சதுர வாயும் உள்ள ஒரு மரப்பெட்டியைச் செய்தார்கள். கடையில் இயந்திரங்களை ஓட்டிய எஞ்சினே விசிறியையும் சுழற்றிற்று. விசையை அளக்கும் தராசை எதனால் செய்தார்கள் தெரியுமா? மிதிவண்டிச் சக்கரத்தின் ஆரக்கம்பிகளாலும், இரும்பறுக்கும் ரம்பத்தின் பழைய அலகுகளாலும்! சுமார் இருநூறு விதமான சிறு சிறகுகளை அதில் வைத்துப் பார்த்தார்கள். அறைக்குள் ஒருவர் நடமாடினாலும் காற்றோட்டம் கலைகிறது என்று கண்டு, சோதனை நடக்கும்போது பார்ப்பவர் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், பெரிய சாமான்கள் எதையும் இடம் மாற்றக் கூடாது என்று கட்டுப்பாடு செய்துகொண்டார்கள்.

முடிவு என்ன? ஸ்மீட்டன் என்ற பொறியாளரின் பெயரால், காற்றழுத்தக் கணக்கில் நூறாண்டுக்கும் மேலாக வழங்கிவந்த 0.005 என்ற எண், உண்மையில் 0.0033-க்கு அருகில் இருக்க வேண்டும் என்பதைக் கிளைடரின் அளவுகளிலிருந்தே அவர்கள் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பெரிதும் சந்தேகப்பட்டது ஜெர்மானியரான லிலியெந்தாலின் அட்டவணையை. கிளைடரிலிருந்து விழுந்து 1896-இல் உயிர் நீத்த அந்த முன்னோடியின் எண்களோ, உண்மைக்கு மிக அருகிலேயே இருந்தன என்று பெட்டி சொல்லிற்று. பாருங்கள், எவ்வளவு நேர்மையான சாட்சி! எல்லாரும் நம்பிய எண்ணைத் திருத்திய அளவைகள்தாம், சந்தேகத்துக்கு ஆளான ஒரு மனிதரைக் குற்றமற்றவர் என்று விடுதலையும் செய்தன. அடுத்த ஆண்டே அவர்களுடைய கிளைடர் நன்றாகப் பறந்தது. 1903 டிசம்பர் 17-ஆம் நாள் எஞ்சின் பூட்டிய விமானமும் பறந்தது.

காரைக்கால் மண்ணில் நின்றுகொண்டு அமெரிக்கக் கதையை மட்டும் சொல்லி முடித்தால் நியாயமாகாது. 1739 முதல் 1954 வரை இந்தப் பிரதேசத்துக்குப் பிரெஞ்சு நாட்டோடு உறவு இருந்தது அல்லவா? காற்றை அளந்த சரித்திரத்தில் அந்த நாட்டார் இருவருக்குச் சிறப்பான இடம் உண்டு. ஒருவர் ஆன்றி பித்தோ. 1732-இல் பாரீஸ் நகரத்து ஸேன் நதியில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை முக்கி, அதில் நீர் ஏறும் உயரத்தைக் கொண்டே ஓட்டத்தின் வேகத்தைச் சொன்னவர். இன்று பறக்கும் விமானங்களின் மூக்கருகேயோ சிறகின் கீழோ பார்த்தால் அவர் பெயர் தாங்கிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும்.

மற்றவர் குஸ்தாவ் ஈஃபெல். கோபுரத்தால் அவரை உலகம் அறியும். காற்றால் அறிந்தவர் சிலரே. கட்டடத் தொழிலிலிருந்து விலகிய பிறகு, தம் கோபுரத்தின் இரண்டாம் தளத்திலிருந்து தகடுகளைக் கம்பி வழியே கீழே விழவிட்டுக் காற்றின் எதிர்ப்பை அளந்தார். பின்னர் 1909-இல், எழுபத்தேழாம் வயதில், கோபுரத்தின் அடிவாரத்திலேயே ஒரு காற்றுச் சுரங்கம் கட்டினார். 1912-இல், எண்பதாம் வயதில், ஓத்தேய் என்ற பகுதியில் அதைவிடப் பெரியதைக் கட்டினார். வயதாகிவிட்டது, இனி என்ன கற்பது என்று திண்ணையில் சாய்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் நாடும் பின்தங்கி நின்றுவிடவில்லை. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகம் 1942-இல் விமானப் பொறியியல் துறையைத் தொடங்கிற்று. 1951-இல் அங்கே வந்து சேர்ந்த சதீஷ் தவான், ஒலியை மிஞ்சும் வேகத்தில் காற்றைச் செலுத்தும் நாட்டின் முதல் சுரங்கத்தை அங்கே அமைத்தார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று தாங்கி நிற்பது அவருடைய பெயரைத்தான். 14 அடிக்கு 9 அடி வாயுள்ள பெரிய சுரங்கமும் அந்தக் கழகத்தில் உண்டு. ஓர் ஆள் நிமிர்ந்து உள்ளே நடக்கலாம். நம் தமிழ்நாட்டில், சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் இன்னொரு விதமான சுரங்கம் இருக்கிறது. அதில் விமானத்தை வைப்பதில்லை. வீட்டையும் கோபுரத்தையும் புகைபோக்கியையும் சிறிதாகச் செய்து வைக்கிறார்கள். தரையில் சிறு சிறு கட்டைகளை வரிசையாகப் பரப்பி, ஊருக்குள் நுழையும் காற்று தரையருகே எப்படித் தடுமாறுமோ அப்படித் தடுமாற வைத்து, புயல் நம் கூரைகளை என்ன செய்யும் என்று பார்க்கிறார்கள்.

அவை பெரியவர்களின் சுரங்கங்கள். நமக்கு வேண்டியது பள்ளிக்கூடத்து நீள மேசையில் அடங்கும் சுரங்கம். எப்படிச் செய்வது? வாருங்கள், செய்வோம்.

நடுவிலிருந்து தொடங்குங்கள். பரிசோதனைக் கூடம் என்னும் நடுப்பகுதி, 20 செ.மீ. சதுர வாயும் 40 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பெட்டி. ஒரு பக்கமும் மேல்மூடியும் அக்ரிலிக் தகடு, மற்றவை பிளைவுட். இதற்குள் காற்று வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாயின் பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால், மணிக்கு 1,152 கன மீட்டர் காற்று வேண்டும் என்று வருகிறது. கடையில் எக்ஸாஸ்ட் விசிறி வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த எண் திறந்த வெளியில் விசிறி தள்ளும் அளவு. வலையும் குழாயும் வழிமறிக்கும் நம் சுரங்கத்தில் அது குறையும். ஆகையால் தேவைக்கு ஒன்றரை மடங்காவது இருப்பதாக வாங்குங்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு ரெகுலேட்டர் போதும்.

விசிறியை எங்கே வைப்பது? இதில் நான் பட்ட அவமானம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில், பெட்டிக்கு முன்னால் மேசை விசிறியை வைத்து உள்ளே ஊதவிட்டு, அட்டைச் சிறகின் மேல் நூல் துணுக்குகளை ஒட்டி, தலைமையாசிரியரைப் பெருமையோடு அழைத்துக் காட்டினேன். காற்றோடு படிந்து கிடக்க வேண்டிய நூல்கள் பேயாட்டம் ஆடின. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்து, "என்ன சார், உங்கள் சிறகுக்குச் சாமி வந்துவிட்டதா?" என்றார். குற்றம் சிறகினுடையதன்று. விசிறியின் இலைகள் காற்றைத் தள்ளும்போதே முறுக்கியும் விடுகின்றன. ஆகவே விசிறியைக் கடைசியில் வைத்து, காற்றை உறிஞ்சச் செய்ய வேண்டும். முறுக்கெல்லாம் வெளியே போய்விடும். உள்ளே வருவது அறையில் அமைதியாக இருந்த காற்று.

அந்த அமைதியான காற்றையும் வாசலிலேயே வரிசையில் நிறுத்த வேண்டும். முன்வாய் 50 செ.மீ. சதுரம், அதில் தேன்கூடு போலக் குழல்களை அடுக்க வேண்டும். இளநீர்க் கடையில் தருகிறார்களே காகித ஸ்ட்ரா, அதுவே போதும். 8 மி.மீ. விட்டமுள்ள ஸ்ட்ராவை 6 செ.மீ. நீளத் துண்டுகளாக நறுக்கினால், வாயை நிறைக்க நாலாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள் வேண்டும். நாலாயிரமா என்று மலைக்காதீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு நூறுக்குச் சற்று மேல். அதற்குப் பின்னால் கொசுவலையை இழுத்துக் கட்டுங்கள். குறுக்கே ஓடும் காற்றைக் குழல் நேராக்கும். எஞ்சிய சிறு கொந்தளிப்பை வலை அடக்கும்.

முன்வாயிலிருந்து நடுப்பெட்டிக்குக் காற்று போகும் வழி அழகாக வளைந்து குறுக வேண்டும். ஐம்பது சதுரம் இருபது சதுரமாகும்போது பரப்பு ஆறேகாலில் ஒரு பங்காகக் குறைகிறது. வேகம் ஆறேகால் மடங்கு கூடுகிறது. இதை நான் காவிரிப் பாசனத்து உழவர்களுக்கு விளக்க வேண்டுமா? அகன்ற வாய்க்காலில் சோம்பி வரும் தண்ணீர் மதகின் கண்ணில் எப்படிப் பாய்கிறது என்று மடை திறந்தவருக்குத் தெரியும். நடுப்பெட்டிக்குப் பின்னால் வழி மறுபடி விரிந்து விசிறியில் முடிய வேண்டும். எவ்வளவு விரிவது? நம் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரத்தைக் கூர்ந்து பாருங்கள். உலவு என்னும் நீண்ட குழல் மெல்ல மெல்ல விரிகிறது. அடியில் அணசு என்னும் வாய்ப்பகுதி சட்டென்று விரிகிறது. நம் சுரங்கத்தின் பின்பகுதி உலவைப் போல இருக்க வேண்டும், அணசைப் போல ஆகக் கூடாது. இருபது செ.மீ. வாய் முப்பது செ.மீ. ஆவதற்கு ஒரு மீட்டர் நீளம் கொடுங்கள். அவசரப்பட்டு விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், வேகம் சாகும்.

விசிறிக்கு இருபுறமும் கம்பிவலைக் கூண்டு, மின்சாரத்துக்கு ஒழுங்கான எர்த் இணைப்பு, பின்னலைத் தூக்கிக் கட்டாத பெண்ணும் துண்டைத் தொங்கவிட்ட ஆணும் அருகே நிற்கக் கூடாது என்ற கட்டளை: இம்மூன்றிலும் சிக்கனம் வேண்டாம். மற்றதெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மிதிவண்டிகளின் விலைக்குள் அடங்கும். மிதிவண்டிக் கடைக்காரர்கள் தொடங்கிவைத்த காரியத்துக்கு அது பொருத்தமான கணக்கல்லவா?

பெட்டி ஆயிற்று. விசிறி சுழல்கிறது. இனிமேல்தான் சாஸ்திரம் தொடங்குகிறது. காற்று என்ன வேகத்தில் ஓடுகிறது? கருவி வாங்காமல் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். நடுப்பெட்டியின் சுவரில், உள்பக்கம் பிசிறில்லாமல், ஓர் ஊசித்துளை போடுங்கள். மீன்தொட்டிக்கு வாங்கும் மெல்லிய குழாயின் ஒரு முனையை அதில் பொருத்தி, வண்ண நீர் ஊற்றிய மறு பகுதியை ஒரு பலகையில் படிய வையுங்கள். காற்று ஓடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. நீர் அந்தப் பக்கம் ஏறுகிறது. எவ்வளவு ஏறும்? வினாடிக்கு 8 மீட்டர் வேகத்துக்கு நான்கே நான்கு மில்லிமீட்டர்! கண்ணால் சரியாகப் படிக்க முடியாத சிறிய அளவு. அதனால் குழாயை நிமிர்த்தி வைக்காமல், ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு தலையைப் பத்து செ.மீ. மட்டும் உயர்த்திச் சாய்த்து வையுங்கள். நான்கு மில்லிமீட்டர் ஏற்றம் குழாயில் நான்கு சென்டிமீட்டர் ஓட்டமாக விரிந்துவிடும். ஏழைக்கு ஏற்ற உபாயம். ஆனால் ஏமாற்றாத உபாயம்.

பிள்ளைகளே, இந்தச் சூத்திரத்தை எழுதிக்கொள்ளுங்கள். நீர் ஏறிய உயரத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால், காற்றின் வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்துவிடும். ஒரு மில்லிமீட்டருக்கு 4. நான்கு மில்லிமீட்டருக்கு 8. ஒன்பது மில்லிமீட்டருக்கு 12. அந்தப் பன்னிரண்டுதான் ஏறக்குறைய ரைட் சகோதரர்களின் பெட்டியில் ஓடிய காற்றின் வேகம். நாம் அவர்களுக்கு அப்படியொன்றும் வெகுதூரத்தில் இல்லை!

இனி இதில் எதை வைப்பது? முதலில் ஒரு சிறகு. 8 செ.மீ. அகலமும் 18 செ.மீ. நீளமும் போதும். மேல்புறம் நூல் துணுக்குகளை ஒட்டுங்கள். சிறகை மெல்ல மெல்ல நிமிர்த்துங்கள். நூல்கள் சமர்த்தாகப் படிந்து கிடக்கும். தூக்கு விசை கூடிக்கொண்டே போகும். பன்னிரண்டு, பதினைந்து பாகை என்று ஏதோ ஒரு சாய்வில் நூல்கள் துடித்து, தலைகீழாகத் திரும்பி, முன்னோக்கி நக்கும். விமானம் தடுமாறி விழும் அந்தக் கணத்தை உங்கள் பிள்ளை மேசையில் பார்த்துவிட்டான். விசையை அளக்க, நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறு மின் தராசு வேண்டும். சிறகைத் தலைகீழாக ஒரு கம்பியில் பொருத்தி, கம்பியைத் தரைத்துளை வழியே தராசுத் தட்டில் நிறுத்துங்கள். தூக்கு விசை தராசைக் கீழே அழுத்தும். 8 மீட்டர் காற்றில் முப்பது கிராமுக்குச் சற்று மேலே காட்டும். கண்ணுக்குத் தெரியாத காற்றை நிறுத்துவிட்டோம்!

அடுத்து, நம் பாட்டிமார் சொல்லும் பழமொழியையே பரீட்சைக்கு வைப்போமா? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறார்கள். பறப்பது இருக்கட்டும்; நகருமா? அம்மியின் எடை 20 கிலோ என்று கொள்வோம். தரையின் உராய்வை வென்று அதைத் தள்ள 12 கிலோ விசையாவது வேண்டும். காற்றுக்கு அது காட்டும் முகம் 500 சதுர செ.மீ. 8 மீட்டர் காற்று அதன்மேல் செலுத்தும் விசை சுமார் 200 கிராம். வேண்டியதோ அதைப்போல் அறுபது மடங்கு. வேகமும் அறுபது மடங்கு ஆக வேண்டுமா? வேண்டாம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே வேகம் எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும். அதாவது மணிக்கு ஏறக்குறைய 225 கிலோமீட்டர். எந்த ஆடியிலும் அப்படி அடிக்கவில்லை. பாட்டி கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொன்னாள். ஆனால் வேகத்தின் வர்க்கத்தில் விசை வளர்கிறது என்ற விதியைப் பிள்ளைகள் இனி மறக்கமாட்டார்கள்.

சிரித்தோம், இனிச் சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறிற்று. காரைக்காலும் அதன் வீச்சுக்குத் தப்பவில்லை. தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. ஓடும் தகரமும் பறந்தன. காற்று கூரையை அடித்துத் தள்ளிற்று என்றே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம் பெட்டியில் ஓர் அட்டை வீட்டை வைத்து, தணிந்த சாய்வுள்ள கூரையை ஒட்டாமல் சும்மா மேலே வைத்துப் பாருங்கள். கூரை பின்னால் நகர்வதற்கு முன் மேலே எழும்பும். காற்று அதைத் தள்ளவில்லை, மேலிருந்து உறிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்து ஜன்னலை வெட்டித் திறந்துவிட்டுப் பாருங்கள். உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தூக்க, இன்னும் குறைந்த வேகத்திலேயே கூரை கிளம்பிவிடும். நாற்புறமும் சரியும் கூரையை வைத்துப் பாருங்கள். அது கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். கூரையின் பாரத்தை மட்டும் நம்பாமல், அதைச் சுவரோடு இறுக்கிக் கட்ட வேண்டும் என்று எத்தனை அறிவிப்புகள் சொன்னாலும் பதியாதது, அந்த அட்டைக்கூரை எழும்பும் ஒரு நொடியில் பதிந்துவிடும்.

ஆயினும், பெட்டி சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. இதற்கு ஈஃபெல் வாழ்க்கையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. உருண்டை ஒன்றின் மேல் காற்றின் இழுவையை அவர் அளந்தார். ஜெர்மனியில் கோட்டிங்கனிலும் அளந்தார்கள். ஈஃபெல் கண்ட எண் ஜெர்மானியர் எண்ணில் பாதிக்கும் குறைவு. கணக்கில் பிழை என்று கூடச் சொல்லிப் பார்த்தார்கள். பிழை யார் பக்கம்? இருவர் பக்கமும் இல்லை! ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்போது உருண்டையை ஒட்டிய காற்றின் தன்மையே மாறி, இழுவை திடீரென்று குறைகிறது; ஒருவர் அந்த எல்லைக்கு அப்பாலும், மற்றவர் இப்பாலும் நின்று அளந்திருக்கிறார்கள். கோட்டிங்கன் விஞ்ஞானி லுத்விக் பிராண்டல் 1914-இல் உருண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையம் கட்டி, அந்த மாற்றத்தை வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டி வழக்கைத் தீர்த்துவைத்தார்.

ஆகவே நம் பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. சிறகின் அகலம், காற்றின் வேகம், காற்றின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்று இருக்கிறது. பயணிகள் விமானத்துக்கு அது கோடிக் கணக்கில் வரும். நம் சிறு சிறகுக்கோ நாற்பதாயிரத்தைச் சற்றுத் தாண்டும். பெரிய விமானத்தின் நடத்தையை நம் பெட்டி அப்படியே சொல்லாது. சொல்வதாக நாமும் பெருமை அடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மனம் தளர வேண்டாம். அந்தப் பத்தாயிரங்களில் பறக்கிற ஜீவன் ஒன்று நம் வயலிலேயே இருக்கிறது. நடவு வயலின் வரப்பிலிருந்து எழும்புகிறதே கொக்கு, அதன் சிறகு நம் கணக்குக்கு ஏறத்தாழ அருகில் வருகிறது. கொக்கைப் பற்றிக் கேட்டால் இந்தப் பெட்டி உண்மையே பேசும். கேட்கத் தகுந்த கேள்வியை, அதற்குத் தகுந்த கருவியிடம் கேட்பதுதான் விஞ்ஞானம்.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவே. விலை உயர்ந்த சுரங்கத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருநாள் வேடிக்கை பார்க்கும் பிள்ளையைவிட, நாலாயிரம் ஸ்ட்ராத் துண்டுகளைக் கையால் அடுக்கி, நான்கு மில்லிமீட்டர் நீரேற்றத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்த பிள்ளை அதிகம் கற்றுக்கொள்கிறான். அச்சில் வந்த எண்ணையும் ஒருமுறை அளந்து பார்க்கலாம் என்ற துணிவு அவனுக்கு வருகிறது. தான் அளந்த எண்ணும் தவறாக இருக்கலாம் என்ற அடக்கமும் உடன் வருகிறது. துணிவும் அடக்கமும் சேர்ந்தே வரும் கல்வி வேறு எங்கே கிடைக்கும்?

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பலகை அறுக்க ஊரில் ஆசாரி இருக்கிறார்; மின்சாரம் இணைக்க ஆள் இருக்கிறார்; ஸ்ட்ரா நறுக்க நாற்பது ஜோடிக் கைகள் இதோ முன்வரிசையில் இருக்கின்றன. முதல் நாளே ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியோடு கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். தேதி, நீரேற்றம், வேகம், தராசு காட்டிய எடை, அளந்தவர் பெயர் என்று ஐந்து பத்திகள் போதும். தவறான அளவையும் அடிக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். அடுத்த ஆடிக்குள் அந்த நோட்டில் பாதியாவது நிறையட்டும். அப்பொழுது என்னை மறுபடி அழையுங்கள். பேசுவதற்கு வரமாட்டேன், அந்த நோட்டைப் படிப்பதற்கு வருகிறேன்.